மல்லாட்டைக் குடோனில் பதிந்த பாட்டு

விழுப்புரம்,
10.2.2025

அன்புத் தங்கை அமலாவுக்கு,

பெரியம்மா மகள் பிரபாவதி எழுதுவது. நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தையும் வீட்டில் உள்ளவர்கள் சுகத்தையும் ஒன்று விடாமல் எழுது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இன்லேண்ட் லெட்டர் கேட்டதற்கு போஸ்ட் ஆபீஸில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னாத்துக்கு மேடம், வாட்சப் இல்லியா?” என்றாள். வாட்சப்பும் இருக்கிறது, போனும் இருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏழு தடவை அடித்தேன், ஏழு தடவையும் கட் பண்ணினாய். எட்டாவது தடவை அடிக்க எனக்கு ரோஷம் விடவில்லை. அம்சவள்ளிதான் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து உன் விலாசம் கொடுத்தாள்.

சேதி இதுதான். போன வாரம் என் ஜெராக்ஸ் கடைக்குக் காலேஜ் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி போனை பேப்பர் கட்டில் சாய்த்து வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தாள். பாட்டைக் கேட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது. ‘ஜன்னலோர சீட்டு எனக்குத்தான், கண்டக்டரு சாட்சி.’ நம் பாட்டு, அமலா! நீ, நான், அம்சவள்ளி, மூன்று பேரும் ‘மைனா மூவர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு 1998இல் போட்ட கேசட்டில் ஏ பக்கம் முதல் பாட்டு. “இது நாங்க பாடினதுமா” என்றேன். “சும்மா இருங்க ஆன்ட்டி, இது யாரோ சின்னப் பொண்ணுங்க பாடினது” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

யாரோ வீட்டில் கிடந்த பழைய கேசட்டை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் அதற்கு ஆடுகிறது. பாட்டு கேட்கிற ஆப்பில் வாரா வாரம் முதல் ஐம்பது என்று பட்டியல் போடுகிறார்களாம். நாற்பத்தொன்றில் நுழைந்து இப்போது ஒன்பதில் நிற்கிறது. எனக்கு உடனே பழைய பஸ் ஸ்டாண்ட் ஞாபகம்தான் வந்தது. ‘ஒலிமலர்’ கேசட் கடை வாசலில் தாண்டவராயன் அண்ணன் வெள்ளிக்கிழமை தோறும் கலர் சாக்பீஸில் டாப் டென் எழுதுவாரே, அந்தக் கரும்பலகை! அதைப் பார்ப்பதற்காகவே நீயும் அம்சவள்ளியும் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வருவீர்கள். எதிரே ஜூஸ் கடையில் நின்று, பார்க்காத மாதிரி பார்ப்போம். சினிமாப் பாட்டையெல்லாம் கீழே தள்ளிவிட்டுப் பதினொரு வாரம் முதலிடத்தில் நின்றோமே!

சென்னையிலிருந்து நெடுஞ்செழியன் என்று ஒருவர் பேசினார். ஆடியோ கம்பெனிக்காரர். மூன்று பேரும் வந்து அதே பாட்டை மறுபடியும் பாட வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்கிறார். அம்சவள்ளி வானூரில் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். முன்பாட்டு நீ. நீ இல்லாமல் இரண்டு பேர் போய் என்ன செய்ய? சித்தி சாவுக்கு வந்தபோது பார்த்தது, ஆறு வருஷம் ஆகிறது. பழைய கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசு.

தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருக்கும்,
உன் அக்கா பிரபா

*

திண்டிவனம்,
3.3.2025

பிரபா அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காப்பாராக. இங்கே யாவரும் நலம். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, தைலம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். மகள் இசைவாணி புதுச்சேரியில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், ஒரு வாரமாகச் சளி. பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் கரும்பலகை எனக்கும் ஞாபகம் வந்தது. நம் பெயரை அவர் எப்போதும் ரோஸ் சாக்பீஸில்தான் எழுதுவார். ஒருநாள் மழையில் அழிந்துபோய் ‘மைனா மூ’ என்று மட்டும் இருந்தது. அதற்கு அம்சவள்ளி அழுதாள்.

எனக்குப் போனில் பேச வசதிப்படவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம். போனில் தமிழ் அடிக்கப் பொறுமையும் இல்லை. கடிதம் என்றால் எழுதுகிறேன்.

பாட்டுக்கு நீங்கள் இருவரும் போய் வாருங்கள். நான் வருவதற்கில்லை. பட்டியலில் ஒன்பது என்பது சந்தோஷம்.

பெரியம்மா படத்துக்கு ஒரு முழம் பூ வைத்து என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.
அமலா

*

விழுப்புரம்,
6.3.2025

என் அழுத்தக்காரத் தங்கைக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, வெயில்தான் இப்போதே கொளுத்துகிறது. மூன்று வாரம் காக்கவைத்து முக்கால் பக்கம் எழுதியிருக்கிறாய். யாவரும் நலம் என்று ஆரம்பித்து வீட்டுக்காரர் முழங்கால், மகள் சளி, பூனைப் பிரசவம் வரைக்கும் வந்தாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நீ வருவதற்கில்லை என்றால் நான் விட்டுவிடுவேனா? கேசட் பதிவான அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். திண்டிவனம் மல்லாட்டைக் குடோன். ஸ்டுடியோவுக்குப் போக நமக்கு எங்கே வழி? சுவரோரம் கடலை மூட்டை அடுக்கியிருந்தால் எதிரொலி வராது என்று தாண்டவராயன் அண்ணன்தான் அந்த இடத்தைப் பிடித்தார். தோள் அளவு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஆரோக்கியராஜ் மாதா கோயிலில் வாசிக்கும் கீபோர்டை சாமியாரிடம் கெஞ்சி வாங்கி வந்தான். மூன்று பேரும் ஒரே மாதிரி மஞ்சள் தாவணி, ஒரே மாதிரி கண்ணாடி வளையல். ஆரம்பித்ததும் வளையல் சத்தம் விழுகிறது என்று கழற்றச் சொல்லிவிட்டார்! கரண்ட் போனது, பேட்டரியில் எடுத்தோம், அதெல்லாம் இருக்கட்டும். நீ முதல் அடியை எடுத்ததும் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது என் கண்ணிலேயே நிற்கிறது.

அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறாயாமே. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதானே இருப்பாய்? அப்புறம் என்ன? பாட்டு இப்போது ஆறாவது இடம்.

இந்தத் தடவை ஒரு முழுப் பக்கமாவது எழுது.
பிரபா

*

திண்டிவனம்,
29.3.2025

பிரபா அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் எல்லோரும் நலம். இசைவாணிக்குச் சளி விட்டுவிட்டது. பூனைக்குட்டிகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அங்கன்வாடியில் பிள்ளைகள் தாங்களே பாடிக்கொள்கிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள்.

நீங்கள் குடோனை மட்டும் எழுதுகிறீர்கள், மயிலத்தை எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

99ஆம் வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் மேடை போட்டு நம்மைக் கூப்பிட்டார்கள். ஜனம் மலையடிவாரம் வரைக்கும் நின்றது. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கேசட்டைக் கேட்டுக் கேட்டு அதே சுருதியில் பழகி வந்திருந்தார்கள். ஒத்திகையிலேயே எனக்கு எட்டவில்லை. பயத்தில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்தேன். நீங்களும் அம்சவள்ளியும் கீழே பாடுகிறவர்கள், சமாளித்துக்கொண்டீர்கள். மேடையில் இரண்டாவது அடியிலேயே என் குரல் உடைந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி உடைந்தது. “டூப்பு! டூப்பு! கேசட்ல பாடின பொண்ண இட்டுக்கினு வாங்கடா!” என்று கத்தினார்கள். செருப்பு ஒன்று வந்து கீபோர்டு மேல் விழுந்தது.

அது போகட்டும். திரும்பி வரும்போது வேனில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நீங்கள் சொன்னீர்கள்: “மத்தியானம் குச்சி ஐஸ் துன்னாத, துன்னாதன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். கேட்டாளா இவ?”

நான் தின்றது ஒரே ஒரு ஐஸ், அக்கா. சேமியா ஐஸ். நீங்களும் ஒரு கடி கடித்தீர்கள். ஆனால் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மாவே சொன்னாள்: “நல்லா பாடுவா. ஐஸ் துன்னு தொண்டையக் கெடுத்துக்கினா.” அன்றிலிருந்து இன்றுவரை நான் ஐஸ் தின்றதில்லை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டு அழுவாள், வாங்கிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இருபது வயதில் என் குரல் என்னை அத்தனை பேர் நடுவில் கைவிட்டது. ஏன் என்று தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது மறுபடியும் போய் நில் என்கிறீர்கள்.

நலம் விரும்பும்,
அமலா

*

விழுப்புரம்,
2.4.2025

அமலாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். தப்பு செய்துவிட்டேன், மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழவேண்டியதாயிற்று. ஆதார் நகல் எடுக்க வந்த பெரியவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னது தப்பு. ஐஸ் பேச்சு என் வாயிலிருந்து வந்திருக்கவே கூடாது. அன்றைக்கு எனக்கும் அவமானம், பயம். யார் மேலாவது போட்டால் போதும் என்று இருந்தது, பக்கத்தில் நீ இருந்தாய். காலில் விழு என்றால் விழுகிறேன். நான் மூத்தவள், நீ பதறி எழுந்து நிற்பாய் என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.

அன்றைய போட்டோ ஒன்று கிடைத்தது. நகல் இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் நீ. எவ்வளவு ஒல்லி!

பாட்டு மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. நெடுஞ்செழியன் மே மாதம் 18ஆம் தேதியைக் குறித்திருக்கிறார். இப்போதெல்லாம் எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் பாடலாமாம், எட்டாததற்குப் பயப்படத் தேவையில்லை என்கிறார். நேரில் பேசினால் எல்லாம் சரியாகும். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு கேப்பை அடையும் கருவாட்டுக் குழம்பும் கட்டிக்கொண்டு வருகிறேன். இன்னும் ஒரு விஷயமும் சொல்ல வேண்டும். அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

உன் வீட்டு வாசற்படியை நினைத்துக்கொண்டிருக்கும்,
பிரபா

*

திண்டிவனம்,
9.4.2025

அக்காவுக்கு,

நலம். போட்டோ கிடைத்தது. வர வேண்டாம். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், சாமான் எல்லாம் வெளியே கிடக்கிறது. ஐஸ் விஷயத்தில் உங்கள் மேல் இனி கோபம் இல்லை. எழுதியதோடு கரைந்துவிட்டது. ஆனால் பாட முடியாது. அதை இனிமேல் கேட்காதீர்கள்.

அமலா

*

விழுப்புரம்,
27.4.2025

அமலாவுக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

நான் வந்தேன். செவ்வாய்க்கிழமை கடையை மூடிவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தால் துரத்துவாய் என்று நேரே அங்கன்வாடிக்குப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்கள். நீ நடுவில் உட்கார்ந்து குச்சியால் எவர்சில்வர் தட்டில் தாளம் போடுகிறாய். உன் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஒரு பிள்ளை எழுந்து ஓடியது. நீ கூப்பிடவில்லை, தட்டை இரண்டு தட்டு தட்டினாய். அது திரும்பி வந்து உட்கார்ந்தது.

வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சமையல்கார அம்மா, சவுரியம்மாளாம், என்னிடம் கேட்டாள். “யாருமா நீங்க? டீச்சரப் பாக்கணுமா?”

“அவங்க ஏன் பேச மாட்றாங்க?”

“உங்களுக்குத் தெரியாதா? கழுத்துல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணிக்கினாங்க. ரெண்டு வருஷம் ஆவப்போவுது. அதுலருந்து வெறும் காத்துதான் வருது. புள்ளைங்கதான் பாவம், டீச்சர் பாட்டுதான் வேணும்னு எவ்ளோ நாள் அழுதுதுங்க தெரியுமா?”

நான் உள்ளே வரவில்லை. மல்லாட்டை வாங்கப் போகிறவள் மாதிரி மார்க்கெட் பக்கம் நடந்து, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏழு தடவை போன் அடித்துவிட்டு ரோஷப்பட்டேனே, என்னை எதால் அடிப்பது?

நேரில் சொல்ல வேண்டும் என்று எழுதியதை இனி நேரில் சொல்ல எனக்கு முகம் இல்லை. இங்கேயே எழுதுகிறேன்.

பதிவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தாண்டவராயன் அண்ணன் என்னிடம் சொன்னார்: “கரண்டு போனாலும் போவும். பெரிய பேட்டரி எட்டு, புதுசா வாங்கி வெச்சிடு பிரபா. மறந்துடாத.” நான் மறந்துவிட்டேன். சனிக்கிழமை முழுக்க வளையல் தேடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. வீட்டு ரேடியோவிலும் அப்பா டார்ச்சிலும் தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, குடோன் களத்தில் காயவைத்திருந்த மல்லாட்டையோடு வெயிலில் போட்டேன். வெயிலில் காய்ந்தால் உயிர் வருமே, எல்லோர் வீட்டிலும் செய்கிறதுதானே. தாவணியில் துடைத்துப் பளபளவென்று கொடுத்தேன். புதுசு என்று சொன்னேன்.

பேட்டரியில் பலம் இல்லாததால் பதியும்போது டேப் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அங்கேயே போட்டுக் கேட்டபோது அதே பேட்டரி, அதே மெதுவு, சரியாக இருந்தது. மறுநாள் கடையில் கரண்டில் போட்டதும் வேகமாக ஓடி, குரல் ஏறிவிட்டது. “என் குரல் இப்படியா இருக்குது?” என்று நீ கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? “மைக்குல எல்லார் குரலும் அப்பிடித்தாம்மா” என்றார் அவர். ஊர் கொண்டாடியது அந்தக் குரலை. மயிலத்தில் உனக்கு எட்டாமல் போனதும் அதுதான். அது எந்தப் பெண்ணுக்கும் எட்டியிருக்காது.

2003இல் ஒரு மழை நாளில் கரண்ட் இல்லை. பழைய கட்டையைப் போட்டு நம் கேசட்டை ஓடவிட்டேன். உன் குரல் வந்தது. ஏறாத, உடையாத, குடோனில் நீ பாடிய அதே குரல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடனே அணைத்துவிட்டேன். அன்றே ஓடி வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உன் குரல் உன்னைக் கைவிடவில்லை. நான்தான் கைவிட்டேன்.

பிரபா

*

விழுப்புரம்,
30.6.2025

அன்புள்ள அமலாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். உண்மையில் கேட்கிறேன்.

நெடுஞ்செழியனிடம் பாட வரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அம்சவள்ளி நாலு நாள் பேசவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவளே வானூரிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்புறம் நன்றாகத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

தாண்டவராயன் அண்ணனைத் தேடிப் போனேன். கடை எப்போதோ மாறி அங்கே இப்போது போன் கவர் விற்கிறார்கள். அவருக்கு எழுபத்தாறு வயது. நடந்ததைச் சொன்னேன். “எனக்கு சந்தேகம் இருந்துச்சுமா. வேகமாத்தான் ஓடுதுன்னு தெரிஞ்சிது. ஜனம் ஜல்தி ஜல்தின்னு வாங்கிக்கினு போவுதே, எதுக்குக் கைய வெக்கணும்னு உட்டுட்டேன். அந்தப் பொண்ணுக்கு இவ்ளோ பேஜாரு ஆவும்னு நினைக்கல” என்றார். பிஸ்கட் டப்பாவிலிருந்து குடோனில் பதிந்த முதல் டேப்பை எடுத்துக் கொடுத்தார். இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார்!

எந்த வேகத்தில் ஓடவிட்டால் சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரோக்கியராஜ் இப்போது கோட்டக்குப்பத்தில் இருக்கிறான். கோயிலில் புதுசு வாங்கியபோது அந்தப் பழைய கீபோர்டை அவனிடமே கொடுத்துவிட்டார்களாம். அதே கட்டையை அமுக்கினால் அதே சத்தம்தானே. அவன் வாசிக்க வாசிக்க, ஒரு கம்ப்யூட்டர்காரர் உட்கார்ந்து டேப்பை அதற்குச் சமமாக இறக்கினார். ஒட்டிய இடத்தில் ஆரோக்கியராஜ் கையை எடுத்துவிட்டு, “இதான். இதான் அமலா” என்றான்.

சின்ன பென் டிரைவில் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். இசைவாணி வரும்போது கேள். கேசட்டில் வெட்டிவிட்ட, பாட்டுக்கு முன்னால் நீ பேசியதும் இதில் இருக்கிறது.

பாட்டு மே மாதத்தில் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் நின்றது. உனக்கு எழுத மனம் வரவில்லை. இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. கம்பெனி முறையாக வெளியிடப் போகிறது. வேகமானதை விடுவதா, சரியானதை விடுவதா என்று கேட்கிறார்கள். ஜனத்துக்குப் பழகினது வேகமானதுதான், மற்றதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நெடுஞ்செழியன் சொல்கிறார். நீ சொல்கிறதுதான் முடிவு என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டாலும் சரி, அதையும் முடிவாக எடுத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூசும்,
பிரபா

*

திண்டிவனம்,
24.7.2025

பிரபா அக்காவுக்கு,

ஐந்து மாதமாகக் கேட்கிறீர்கள், முதலில் என் சுகத்தை எழுதுகிறேன். 2023 ஐப்பசியில் ஆபரேஷன். கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்தால் குரல் போகும், எடுக்காவிட்டால் ஆளே போவாள் என்று முன்பே விளக்கிச் சொன்னார்கள். இப்போது உடம்பில் வலி இல்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். கிட்டே வந்து காதை வைத்தால் நான் சொல்வது கேட்கும். பரிதாபப்பட்டு யாரும் பேச வேண்டாம் என்றுதான் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம் வேறு. நான் பாடி நீங்கள் கடைசியாகக் கேட்டது மயிலத்தில் உடைந்த குரல். அதுவும் போய்விட்டது என்று உங்களிடம் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை மடித்து அரிசி டிரம்மில் போட்டேன். ஒவ்வொரு நாளும் அரிசி அளக்கும்போது அது கையில் பட்டது. கோபம் அடங்கவே இல்லை. எதற்குக் கோபம் என்று சொல்கிறேன். பேட்டரிக்கு இல்லை. அந்த வயதில் யார்தான் மறக்கமாட்டார்கள்? ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்காரர் அழுதார், மகள் அழுதாள். நான் அழவில்லை. எப்போதோ உடைந்த குரல்தானே, போனால் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். அது நல்ல குரல் என்று நீங்கள் 2003இலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்போதும் கையெழுத்துப் போட்டிருப்பேன், ஆனால் அழுதிருப்பேன். அதற்காக அழக்கூட எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் என்னால் அடுத்த வரி எழுத முடியாது. சொல்லிவிட்டேன்.

பென் டிரைவ் வந்து இரண்டு வாரம் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இசைவாணி அதை ஸ்பீக்கரில் செருகி வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். நான் தனியாக இருந்தேன். பட்டனை அமுக்கினேன்.

முதலில் மூட்டை இழுக்கிற சத்தம். ஒரு பொம்பளை இருமினாள். அப்புறம் நான் பேசினேன். “பிரபாக்கா, ரெடியா? வளையலக் கழட்டிக்கினியா? ஆரம்பிக்கலாமா?”

மாடியிலிருந்து துணியோடு தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள் மகள். மூச்சு வாங்குகிறது. “அம்மா! இப்ப நீதானே பேசின? உன் குரல் வந்துடுச்சாம்மா?”

நான் ஸ்பீக்கரைக் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அந்தக் கேசட்டை எத்தனையோ தடவை அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூட அது நான்தான் என்று அவள் நம்பியதில்லை. இந்தத் தடவை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடிகிற வரைக்கும் என் மடியில் தலை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் அன்றைக்குத்தான் அழுதேன், அக்கா. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன்.

நெடுஞ்செழியனிடம் இப்படிச் சொல்லுங்கள். வேகமான பாட்டு ஆடுகிற பிள்ளைகளுடையது, அதில் கை வைக்க வேண்டாம். இரண்டாவதாக, கேசட்டில் பி பக்கம் மாதிரி, சரியான வேகத்தில் உள்ளதையும் போடட்டும். நான் பேசுவதை வெட்டக் கூடாது. பட்டியலில் ஐம்பதாவதாகக்கூட அது வர வேண்டாம். ஆனால் இருக்கட்டும். யாராவது எப்போதாவது போட்டால் நான் பேசுவேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்கக் கூசுவதாக எழுதியிருந்தீர்கள். இருபத்தாறு வருஷத்துக்குக் கூச வேண்டியதுதான், அதைத் தடுக்கமாட்டேன். ஆனால் அதை எதிரே உட்கார்ந்து செய்யுங்கள். வருகிற ஞாயிறு நீங்களும் அம்சவள்ளியும் வாருங்கள். வெள்ளையடிப்பு எல்லாம் பொய், வீடு அப்படியேதான் இருக்கிறது. கேப்பை அடையும் குழம்பும் கட்டாயம் வேண்டும்.

வரும்போது பஸ் ஸ்டாண்டில் மூன்று சேமியா ஐஸ் வாங்கி வாருங்கள். உருகுவதற்குள் நடந்து வந்துவிடலாம். எனக்கு ஒன்று முழுசாக வேண்டும், நீங்கள் கடிக்கக் கூடாது. கெட்டுப்போவதற்கு இனி என் தொண்டையில் ஒன்றும் இல்லை.

உங்கள் தங்கை,
அமலா